டீ ஆறும் நேரம்

“நாப்பது வருசத்துல டீ ஆறாம ஒரு விலைக்கும் நான் தலையாட்டினது கிடையாது. இதை மட்டும் ஆப்பிரிக்காக்காரன் கத்துக்கிட்டான்னா நாளைக்கே பணக்காரன்!” என்று சொல்லிவிட்டு, ஷம்சுதீன் பாய் ஒரு துவரையைக் கடித்து இரண்டாக்கி, உள்மஞ்சளை வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்.

யாங்கோனின் பபேடான் பேட்டையில் பருப்புத் தரகர். சட்டைப்பையில் ஏழெட்டுக் காகிதப் பொட்டலங்கள், பொட்டலத்துக்கு ஒரு ஊர்த் துவரை. மூலை டீக்கடையின் குட்டை பிளாஸ்டிக் முக்காலிதான் அலுவலகம். மேற்கே அவர் போன உச்ச தூரம் ஆற்றுக்கு அக்கரை. அதுவும் ஒரு நிக்காஹ்வுக்கு. என்றாலும், ஆப்பிரிக்க வறுமையை இவ்வளவு கரைத்துக் குடித்தவர் யாங்கோனில் வேறொருவர் இல்லை என்பதை மிகுந்த பொறுப்புடன் பதிவு செய்கிறேன்.

ஆராய்ச்சிக்குத் தொழில்தான் காரணம். சென்னை வியாபாரிக்கு நம் பர்மாத் துவரை கசந்தால் மொசாம்பிக் துவரை இருக்கிறது, மலாவி துவரை இருக்கிறது. கண்ணால் காணாத அந்த விவசாயிகளைப் பாய் பங்காளிகளைத் திட்டுவதுபோலத் திட்டுவார். பங்காளிகளுக்கு ஒன்று என்றால் கலங்குவதுபோலக் கலங்கவும் செய்வார்.

“வெள்ளைக்காரன் ரயில் போட்டான், சரி. எங்கே போட்டான்? சுரங்கத்துலேர்ந்து நேரா கப்பலுக்கு! ஊரையும் ஊரையும் சேர்த்தானா? பருப்பு இவன் நிலத்துல விளையுது, விலை எவன் மேசையிலயோ விளையுது. அங்க ஒரு கையெழுத்து மாறினா, இங்க ஒரு புள்ள பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுடுது.”

இந்த இடத்தில் கரண்ட் போய், மின்விசிறி நின்றது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அங்கெல்லாம் கரண்டும் ஒழுங்கா இருக்காதாம், பாவம்” என்றார் பாய், நெற்றியைத் துடைத்தபடி.

இருந்தாலும் அவருடைய இறுதித் தீர்ப்பு வேறு: அவசரம். அறுத்த கையோடு மூட்டையை விற்றுவிடுகிறார்களாம். எதிர்த் தையற்கடை இராமையா ஒருநாள் வாயைக் கொடுத்தார்.

“அவசரப்படுறதால ஏழையா, ஏழையா இருக்கிறதால அவசரமா, பாய்?”

“முந்தினது காரணம், பிந்தினது சாக்கு. நீ போய்க் காஜா எடு.”

பேச்சோடு நிற்பவரல்ல. தம் வீட்டு முன்னறையில் சொந்தத் துவரை பன்னிரண்டு மூட்டை அடுக்கியிருந்தார். மொசாம்பிக் கப்பல் வரத்து ஓய்ந்தால் விலை ஏறும். ஏறியதும் மனைவி ஃபக்ருன்னிசாவுக்குக் கண் ஆபரேஷன். திட்டம் பழுதில்லாதது. அந்த அம்மாள் மூட்டைகளைத் தடவித் தடவித்தான் வாசலுக்கு வருவார்.

“விலை ஏறுறதுக்குள்ள உங்க முகமே எனக்கு மறந்துடும் போல.”

“மறக்கிற முகமா இது?”

செவ்வாய்க்கிழமை டாக்டர் வேறு கணக்குச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது. இந்த வாரமே செய்ய வேண்டும். போன பார்வை பிறகு திரும்பாது.

புதன் காலை, பருப்பு மில்லுக்குக் கொள்முதல் செய்யும் பிரேம்நாத் வந்து முக்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. இராமையா கழுத்தில் டேப்போடு வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். பிரேம்நாத் ஒரு விலை சொன்னார். போன மாதமாக இருந்தால் அந்த விலைக்குப் பாய் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பார்.

பாய் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஒரு பருப்பைக்கூடக் கடிக்கவில்லை.

“மூட்டையை இன்னைக்கே எடுத்துக்குவியா, பிரேம்?”

“இன்னைக்கேவா? டீயைக் குடிங்க பாய், பேசிக்கலாம்.”

“இன்னைக்கே எடுத்துக்க.”

இராமையா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பாய் எழுந்தார். போகுமுன் குனிந்து, ஆவி பறந்துகொண்டிருந்த தம் கோப்பையின் மேல் சாஸரை எடுத்துக் கவிழ்த்து மூடினார்.