ஸ்டெல்லா சிஸ்டர் மூடாத கதவு

பழவங்காடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பிந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "நம்ம ஸ்டெல்லா சிஸ்டர் மரிச்சு. ராவிலே நெஞ்சுவேதன. களியக்காவிளை வீட்டிலே" என்று மலையாளத்தில் சொன்னாள். பஸ் வந்தது, போனது. நாங்கள் இருவரும் ஏறவில்லை.

சிஸ்டருடன் வேலை செய்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு ஒரு காலத்தில் போதை ஊசிப் பழக்கம் இருந்ததை இங்கே எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர் அதை ஒருபோதும் மறைத்ததில்லை. "மறைச்சு வச்சா அடுத்தாப்ல விழுகிற பிள்ளைக்கு ஏறி வர வழி தெரியாது, கேட்டியா" என்பார். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்குபவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வந்ததே தவிர வாய் வரவில்லை. யாராவது பெயரைக் கேட்டால்கூட மேசையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்படிப்பட்ட பெண்ணிடம்தான் மேட்ரன் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். சிகிச்சை முடிந்து திரும்பி வந்திருக்கும் ஸ்டெல்லா சிஸ்டரிடம், முன்கூட்டிச் சொல்லாமல் ஏதாவது ஒரு நாளில் சிறுநீர் வாங்கி, முத்திரை வைத்து, மறுபடி மருந்து எடுத்தாரா என்று பார்க்க வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் சிறுநீர் கழிக்கும்போது நான் உடன் நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டதால்தான் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வலி ஊசி மருந்துகள் இருக்கும் அலமாரியின் சாவி மட்டும் அவர் கைக்குக் கிடையாது.

முதல் நாள் கூச்சத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன மக்களே, சுவத்துல சினிமாவா ஓடுது? இந்தப் பக்கம் பாரு."

"வேண்டாம் சிஸ்டர். நீங்க எடுத்துக் குடுங்க, போதும்."

"போதாது. நாளைக்கு ஒருத்தன் உன்னைக் கேப்பான், கண்ணால பாத்தியான்னு. நீ சுவத்தைப் பாத்தேன்னு சொன்னா எனக்க வேலை போச்சு. கதவ மூடாத. பாரு."

பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "அந்தப் பைப்பைத் திறந்து விடு பிள்ளே, சத்தம் கேட்டாலாவது வருதான்னு பாப்போம்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு எங்களுக்குள் இருந்த வெட்கம் போயிற்று.

பழக்கம் எப்படி வந்தது என்பதை அவரே சொன்னார். கனமான நோயாளி ஒருவரைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. விடுப்பு கிடைக்கவில்லை. நோயாளிக்கு வலி மருந்தில் பாதி ஆம்பூல், அதாவது பாதிக் கண்ணாடிக் குப்பி, போட்டால் மீதியை இன்னொரு நர்ஸின் முன்னால் கீழே ஊற்றிவிட வேண்டும் என்பது விதி. ஆள் குறைவான வார்டில் யாரும் வந்து நின்று பார்ப்பதில்லை. "தொட்டியில ஊத்த வேண்டியத எனக்க கையில ஊத்தினேன். முதல்ல இடுப்புக்கு. பொறவு சும்மா." பிடிபட்ட அன்று மேட்ரன் அவரைத் திட்டவில்லையாம். "சிகிச்சைக்குப் போ, நாற்காலியை நான் காலியாக வைத்திருக்கிறேன்" என்றாராம்.

அந்த நாற்காலியில் திரும்ப உட்காருவது எளிதாக இல்லை. அவர் வார்டுக்குள் நுழைந்தாலே, "ஸ்டெல்லா வந்நு, அலமாரி பூட்டிக்கோ" என்று யாராவது ஒருத்தி பாடுவாள். "நல்லாப் பூட்டும்மா, ஒண்ணுக்கு ரெண்டு தரம் பூட்டு. எனக்கும் அதுதான் வேணும்" என்று சிரித்துக்கொண்டே போர்வை மடிப்பார்.

ஒரு நாள் அறுவைப் பிரிவில் ஒரு காலி ஆம்பூல் குறைந்தது. காலி ஆம்பூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது எங்கள் மருத்துவமனை வழக்கம். குறைந்தால் மருந்தே களவு போனதாகத்தான் பொருள். எல்லோர் பார்வையும் ஒரே திசையில் போனது. சிஸ்டர் யாரும் கூப்பிடாமலே ஆய்வகத்துக்கு வந்து, "எடு மக்களே, இப்பமே எடு" என்றார். எடுத்து முத்திரை வைத்தேன்.

மேட்ரன் அறையில் மூத்த மருத்துவர் ஒருவர் அதை ஏற்கவில்லை. "இவர்களுக்கு எல்லா வித்தையும் தெரியும். யாருடைய மூத்திரமோ, யாருக்குத் தெரியும்? இவரை இன்றே வேலையைவிட்டு அனுப்பிவிடுங்கள்." சிஸ்டர் தலை குனிந்து நின்றார். வேலை போனால் இந்தப் பெண் மறுபடி எங்கே போய் விழுவார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் வாசலில் நின்றிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"நான் பார்த்தேன் சார்" என்றேன்.

அவர் திரும்பினார். "என்ன?"

"இன்னைக்கும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கேன். கதவு திறந்துதான் இருந்தது. அவங்க எடுக்கும்போது ஒரு தடவைகூட நான் முகத்தைத் திருப்பல."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போ ரிசல்ட் வரட்டே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அந்தக் காலி ஆம்பூல் கிடைத்தது. அறுவைக்குப் பின் ஒரு நோயாளியை அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியபோது, அவருடைய தட்டிலேயே பஞ்சுக்கு அடியில் அதுவும் போய்விட்டிருந்தது. சில நாட்களில் ஆய்வு முடிவும் வந்தது. அதில் எந்த மருந்தும் இல்லை. மருத்துவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் தன் தாயாரை வார்டில் சேர்த்தபோது, "ஸ்டெல்லா பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். சிஸ்டர் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

கண்காணிப்புக் காலம் முடிந்து மேட்ரன் அலமாரிச் சாவியை நீட்டியபோது சிஸ்டர் உடனே வாங்கவில்லை. மீதி மருந்தை ஊற்றும்போது இனி எந்த நர்ஸும் தனியாக ஊற்றக் கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டால் வாங்குகிறேன் என்றார். அப்படி வந்ததுதான் நம் வார்டுகளின் வழக்கம். ஊற்றுகிறவர் "ஊத்தினேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். மலையாளப் பிள்ளைகள் "கண்டு" என்பார்கள். புதிதாக வருபவர்கள், இதென்ன ஜெபமா என்று கேலி செய்வார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பிந்துவும் அதே குழியில் விழுந்து வந்தவள்தான். தன்னைப் பற்றி எழுதச் சொன்னதும் அவளே. அவள் முதன்முதலாகச் சிறுநீர் கொடுக்க அழுதுகொண்டே வந்த அன்று, சிஸ்டர் ஒரு பெரிய செம்புத் தண்ணீரோடு பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் காட்டினார். "குடி மோளே. அழுதே எல்லாத் தண்ணியையும் தீத்துட்டா இந்தப் பிள்ளைக்கு என்னத்தக் குடுப்ப?" அழுகை நின்றது. பிந்து இன்று மூன்றாம் மாடி வார்டின் சாவியை வைத்திருக்கிறாள்.

சிஸ்டர் தன் கண்காணிப்பு முடிந்த பிறகும் வருஷத்துக்கு ஓரிரு முறை தானாகவே ஆய்வகத்துக்கு வருவார். வேண்டியதில்லையே என்றால், "எனக்கு வேணும்" என்பார். போன மாதமும் வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தார்.

அடக்கத்துக்குக் களியக்காவிளை போயிருந்தோம். முற்றத்தில் ஒரு பழைய நர்ஸ் என் காதருகே வந்து, "திடீர்னு போயிருக்காளே, பழையபடி ஊசி கீசி ஏதாவது…" என்று இழுத்தார்.

"இல்லக்கா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன மாசம்கூட நான் பார்த்தேன்."

பின்னாலிருந்து பிந்து சொன்னாள்: "ஞானும் கண்டிட்டுண்டு."

அந்த அம்மாள் நகர்ந்து பந்தலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

சிஸ்டரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது 'பார்த்தேன்' என்ற அந்த ஒரு சொல்தான். நாளை காலை, சிகிச்சை முடிந்து திரும்பிய ஒரு புதுப் பெண் சிறுநீர் கொடுக்க வருகிறாள். அவள் கூச்சப்படுவாள். நான் பைப்பைத் திறந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி நிற்பேன்.