ஒரு மணித்தியாலம் பிந்திய விசிறி

1996 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது, என் கைக்கடிகாரத்தில். மழைக்கு இருட்டியும் பெய்யாத வானம். வீட்டு மேசைவிசிறியைச் சுமந்துகொண்டு மஹய்யாவ மண்டபத்தின் பதினொரு படிகளையும் ஏறினேன். கெலிஓயாவிலிருந்து வரும் வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தி என் பையைத் திறக்கவைத்தார்கள். யுத்த காலம்; வயர் தொங்கும் பொருளோடு ஒரு தமிழன். மூன்றாவது சிப்பாய் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்துச் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே மிஸ் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் இரசாயன ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் என்னோடு வேலை செய்துவிட்டு வெளிநாடு போன யாழ்ப்பாணத்துக்காரர். விடுமுறையில் வந்திருந்தார்; மறுநாள் திரும்பும் விமானம். தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் அறுபத்திரண்டு பேருக்குத் தன் ஆராய்ச்சியைத் தமிழில் சொல்ல அவருக்கு அந்த ஒரு மாலைதான் இருந்தது. ஒளித்துடிப்பு ஒன்று மூலக்கூறை உடைக்கும்; உடையும்போதே மிகக் குறுகிய இலத்திரன் துடிப்பு ஒன்று அதனூடாகப் பாய்ந்து, அணுக்கள் நிற்கும் இடத்தைப் படமாகக் காட்டும். அந்தத் துடிப்பின் நீளம், ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருவதில் சில கூறுகள். அந்தக் கருவியை இங்கே கொண்டுவர முடியாது. அதனால் அதற்குப் பதிலாக, சுழலும் என் விசிறியும் அதை ஒரு கணம் நிறுத்திக் காட்ட அவருடைய கமரா பிளாஷும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுக்கு ஏழு நிமிடம். என்னை வரச்சொன்னது ஐந்துக்கு; ஆறுக்கு வழக்கமான மின்வெட்டு. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி அன்றோடு இருபது நாள். நான் என் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. சூரியனை யாராலும் தள்ள முடியாதே. தேவையானபோது ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். அன்று வழிச்சோதனைகளை நினைத்த பதற்றத்தில், புறப்படும்போதே கூட்ட மறந்துவிட்டேன்.

விசிறியைப் பொருத்தினோம். யன்னல்களைச் சாத்தினோம். மணி ஆறு. மின்வெட்டு.

இருட்டில் மிஸ்ஸின் குரல் கேட்டது. "அண்ணை, நான் லட்சம் கோடியில ஒரு பங்குக்கு அடிபடுறன். நீங்கள் முழுசா ஒரு மணித்தியாலத்தை விட்டிட்டியளே!"

மண்டபமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து கலஹாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"மிஸ், வெளியில நம்ம சைக்கிள் நிக்குது. அதுக்குக் கரண்ட் வேணாம். கொண்டாரட்டுங்களா?"

"ஓம், ஓம், கெதியாக் கொண்டு வாங்கோ!"

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிஸ் தன் நெற்றிப் பொட்டை எடுத்துச் சக்கரக் கம்பியொன்றில் ஒட்டினார். நான் சுழற்றினேன். மங்கலில் வெறும் புகைபோல ஒரு வட்டம். பிளாஷ் வெட்டியது: பொட்டு மேலே நின்றது. மறுபடி வெட்டியது: பக்கத்தில். பதினாறு தடவை.

"அட, ஓடுறதப் புடிச்சு நிப்பாட்டிட்டாங்கப்பா!" என்றார் சைக்கிள்காரர்.

"இப்பிடி ஒவ்வொரு படமா அடுக்கினால், மூலக்கூறு எப்பிடி உடையுதெண்டு தெரியும்" என்றார் மிஸ். பிறகு நாற்பது நிமிடம் கேள்விகள். யாரும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்ப மாத்துங்கோ, நான் பார்க்க."

மாற்றினேன். கோபத்தில் முறுக்கியதால் கடிகாரத்தின் திருகாணி கையோடு வந்துவிட்டது. அதே கடிகாரம்தான் இன்றும் கையில். பத்து வருடம் கழித்து நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியது. மாற்றாமல் பொறுத்திருந்தால் திருத்துக்கூலி மிச்சம்: எண்பத்தைந்து ரூபா.