இரண்டு இடது கைகள்

தையல்காரிக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்டு மேசையில் மேல்சட்டைக்கான இரண்டு கைகள் கிடந்தன. இரண்டும் இடது கை. தலைகீழாகப் போட்டாள், இடம் மாற்றிப் போட்டாள், கண்ணாடி முன்னால் தோளில் வைத்தும் பார்த்தாள். இடது கை இடது கையாகவே இருந்தது.

சாதாரணத் துணியென்றால் இரண்டாக மடித்து ஒரே வெட்டு. இடதும் வலதும் சேர்ந்தே வந்துவிடும். இது கைத்தறிப் பட்டு. துணி முழுக்க ஜரிகைப் பூக்கள், எல்லாம் மேல்நோக்கி. மடித்தால் அடித்துணியில் பூ எங்கே விழுகிறதென்று தெரியாது. அதனால் விரித்துப் போட்டு ஒரு கையை வெட்டி, அளவுக்கு வெட்டிய காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்து மறுகையை வெட்ட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தைக்கிறவள், திருப்ப மறந்துவிட்டாள். வெட்டியது தான்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் கத்தரிக்கோலைத் தொடும் துணிச்சல் வேறு யாருக்கும் கிடையாது.

மிச்சத்தில் ஒரு காலர்கூடத் தேறாது. துணியோ நாத்தனாருடையது. கிழிசல் தைக்கவும் ஓரம் மடிக்கவும் மட்டும் இங்கே வருவாள்; நல்ல துணியெல்லாம் பெரிய கடைக்குப் போகும். இவளுக்கு அது உள்ளுக்குள் எரிச்சல்தான், சொல்லிக்கொண்டதில்லை. இப்போது தன் மகள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ள முதல்முறையாக நம்பிக் கொடுத்திருந்தாள்.

"துணி பத்தலைன்னு சொல்லிடு," என்றார் பஸ் ஓட்டுகிற கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"அவளே நெசவுக்காரர்கிட்ட நின்னு அளந்து வாங்கினது."

"அப்ப எலி மேல பழியப் போடு."

"எலி ரெண்டு இடது கை வெட்டுமா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சொல்லலாமா, மழுப்பலாமா என்று முடிவு செய்வதற்குள் நாத்தனாரே வந்து நின்றாள். வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

"அழகா வெட்டியிருக்கீங்களே அண்ணி. ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே மாதிரி இருக்கறதுதாம்மா தப்பு."

சொல்லிவிட்டாள். நாத்தனாருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சுருங்கியது.

"வேற யாரு துணியிலயாவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப என் துணியில மட்டும் ஏன்?"

"உன் துணிங்கறதாலதான்," என்றாள் தையல்காரி. புத்தியில்லாதவள்போல அழுதாள், அவமானமாகவும் இருந்தது.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கத்தில் பூக்கள் மங்கலாக, நூல் பிசிறோடு இருந்தன.

"இப்படி உள்பக்கத்தை வெளியே வச்சுத் தைச்சா, இது வலது கை ஆயிடுமா?"

"ஆயிடும். ஆனா பாக்கறவங்க கண்ணுக்குப் பளிச்சுனு தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். கேட்டா எங்க அண்ணி தைச்சதுன்னு சொல்றேன்."

அது பாராட்டா, குத்தலா என்று தையல்காரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.