ஆறுமணிக்குருவிக்கு ஒரு போன்

செங்கல்வராயனுக்குக் கிளி ஓட்டுகிற வேலை. மாங்காய் திரள ஆரம்பித்ததிலிருந்து கடைசி லாரி மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குக் கிளம்புகிறவரை, தாமோதரனுடைய தோப்பில் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு சுற்றுவான். பழைய கேசட் நாடாவை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினால் அது காற்றில் உறுமும், கிளி அண்டாது. அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்று அவனுக்கு ஏகப் பெருமை. புத்தூரைச் சுற்றி எல்லாத் தோப்பிலும் அதைத்தான் கட்டியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படி ஊரான் தோப்பில் பறவை விரட்டியவனின் சொந்த நிலத்தில்தான் ஊரிலேயே அதிகப் பறவைகள் இருந்தன. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தபோது அவன் நைனாவுக்குக் கிடைத்த மலையடிச் சரிவு அது. வேர்க்கடலை போட்டுப் பார்த்தார்கள். மழை கைவிட்டதும் செங்கல்வராயனும் பெண்டாட்டியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தால், நிலத்தைக் காணோம். களாவும் காரையும் வேம்பும் நாவலும் பின்னிக்கொண்டு காடாகிக் கிடந்தது. செங்கல்வராயன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மனைவி தேவசேனாவோ நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னாய்யா இது, சந்தைக்கடை மாதிரி இவ்ளோ சத்தம்!"

காட்டோரமாகவே ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டார்கள். செம்போத்து, மரங்கொத்தி, கௌதாரி என்று எத்தனையோ வந்தாலும் தேவசேனாவுக்குப் பிடித்தது ஆறுமணிக்குருவிதான். மழைக்காலம் முடியும் சமயம் வடக்கேயிருந்து வரும், வெயில் ஏறியதும் போய்விடும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, உதிர்ந்த இலைகளைக் கிளறித் தரையில் தத்தித் திரியும். பொழுது சாயும்போது இரட்டை விசில் அடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பு பற்ற வைப்பாள். "பாவம், பொழப்புக்காக எங்கேர்ந்தோ வந்துகினு போய்க்கினு இருக்குது, நம்பள மாதிரி" என்பாள்.

மகள் சுமித்ரா திருப்பதியில் நர்சிங் சேர்ந்த வருஷம் தேவசேனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே எஜமானி மத்தியானம் தூங்குகிற நேரம், இங்கே பொழுது சாய்கிற நேரம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த நேரம் பார்த்துப் போன் செய்வாள். வீட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சும்மா இரு. போனை அந்தாண்ட காட்டுப் பக்கம் பிடி" என்பாள். விசில் கேட்கும். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் இவன் கை கடுக்க நிற்பான்.

அவளுக்கு ஒரு நல்லது செய்ய நினைத்தான். அதுதான் வினை. அக்கம்பக்கமெல்லாம் கூழ் ஃபாக்டரியை நம்பி மா வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வரும்போது சொந்தத் தோப்பில் கால் வைக்கட்டும் என்று, குருவி ஊருக்குப் போயிருந்த கோடையில், அவள் அனுப்பிய பணத்தில் ஜேசிபியைக் கொண்டுவந்து காட்டை வழித்தெடுத்தான். உழுது, மாங்கன்று நட்டான். மரம் போனால் மரம் வருகிறது, குருவி வேம்பா மாவா என்று பார்த்தா உட்காரப்போகிறது? ஆயுசெல்லாம் மாமரத்திலிருந்து பறவை ஓட்டியவனுக்கு, மாமரம் என்றால் பறவை தானாக வரும் என்ற நினைப்பு. அந்த மடத்தனம் ஒரு கிளி ஓட்டிக்குத்தான் வரும்.

மழைக்காலம் முடிந்தது. மைனா வந்தது, காக்காய் வந்தது. விசில் மட்டும் வரவில்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்த தரையில் கிளறுவதற்கு ஓர் இலை இல்லை. மனசு கேட்காமல் தாமோதரனின் தழைத்த தோப்பில் போய் நின்று பார்த்தான். அங்கேயும் இல்லை. இத்தனை வருஷம் அங்கே சுற்றியும் அந்த விசிலை ஒருநாளும் அங்கே கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

முதல் வெள்ளிக்கிழமை, "மழையா இருக்குது, கத்தல" என்று பொய் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை ஓடையைத் தாண்டி, ஃபாரஸ்ட்காரர்களின் மேட்டில் இருந்த புதர்க்காட்டுக்கு ஓடினான். அங்கே விசில் கேட்டது. போனைத் தூக்கிப் பிடித்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஓடினான்.

தேவசேனா ஒரு தை மாதம் ஊர் திரும்பினாள். பெட்டியை வைத்த கையோடு சரிவுக்குப் போய்க் கன்றுகளைப் பார்த்தபடி நின்றாள்.

"உனக்கோசரந்தான்..." என்று இழுத்தான் செங்கல்வராயன்.

"தெரியும்."

"குருவி மட்டும்..."

"அதுவும் தெரியும். வாசல்ல நின்னுகினு பேசுறவனுக்கு ஏன்யா அப்படி மூச்சு வாங்கும்? நெஞ்சுல எதுனா கோளாறோன்னு பயந்துகினே கெடந்தேன். சுமித்ராவ நோண்டிக் கேட்டப்பறம் சொன்னா."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் ஒரு கன்றின் துளிரைத் தொட்டாள். "கேக்காம பண்ணிட்டியே. இது அத்தனையும் நான் அங்க பாத்திரம் தேச்சது. புடுங்கிப் போடவும் மனசு வரல."

ஓடைப் பக்கத்தில் சில கன்றுகள் வெயிலில் காய்ந்து போயிருந்தன. அங்கே மறுபடி நட அவன் குழி தோண்டி வைத்திருந்தான். அவள் அந்த மண்ணைக் காலால் குழிக்குள் தள்ளினாள்.

"இங்க எதுவும் வைக்காத. உழவும் உழாத. முள்ளு வரட்டும்."

"அது காடாவ எத்தினி வருசம் புடிக்குமோ."

"நான் வர்ற வரைக்கும் இருந்தே இல்ல? அதுக்கும் இரு" என்றாள் தேவசேனா.

செங்கல்வராயன் குனிந்து, மீதி மண்ணைக் கையாலேயே தள்ளிக் குழியை மூடினான்.