முழங்கை இடி என்று நினைத்த கட்டி

வலது மார்பில் அந்தக் கட்டி கையில் பட்டபோது எனக்குப் பயமே வரவில்லை. கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இது புரியும். வளையத்துக்குக் கீழே எம்பும்போது எதிராளியின் முழங்கை நெஞ்சில் இறங்கும், வீங்கும், ஐஸ் வைத்தால் போய்விடும். பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கையில் பட்ட இடி என்று நானே முடிவுகட்டி, நாலு மாதம் ஐஸ் வைத்தேன். வலிக்கவில்லை என்பதை நல்லதாக வேறு எடுத்துக்கொண்டேன். முட்டாள்தனம், வேறென்ன? நீங்கள் வலிக்காத கட்டியையும் உடனே காட்டிவிடுங்கள்.

நன்னிலம் பக்கத்திலிருந்து மாநில அணிக்குப் போன முதல் பெண் நான். நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் பந்து தட்டிப் பழகியவள். அரை டிராயர் போட்டதற்கு அப்பாவிடம் வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு. வலி என்று சொன்னால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று, விரல் பிசகினாலும் வாய் திறக்காமல் ஆடினேன். அந்த வீம்பு உடம்போடு ஒட்டிக்கொண்டது.

குறுவை அறுப்பு முடிந்த வாரம், ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. "புடவையை மாத்திக்கிட்டு கிளம்பு" என்றார்.

தஞ்சாவூரில் பயாப்ஸி (கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவைச் சொன்ன டாக்டருக்கு என் மகள் வயதிருக்கும்.

"புற்றுநோய்தாம்மா. மார்பை எடுக்கணும். அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சையும் எடுக்கணும்."

"அப்புறம் கையை மேலே தூக்க முடியுமா?"

"உயிரைப் பத்திக் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க டாக்டர்."

"பயிற்சி செஞ்சா வரும். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார். பொய் சொல்லாததால் அவரைப் பிடித்துப்போயிற்று.

அறுவைக்குப் பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது). சோறு மண்ணாக இருந்தது. கை தோளுக்கு மேலே போகவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னார்கள். பழைய புத்தி விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கை பூசணி மாதிரி வீங்கிவிட்டது. முடிச்சுகளை எடுத்ததால் நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறதாம்.

விரலிலிருந்து தோள் பக்கமாக மெதுவாக நீவிவிட என் கணவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "பள்ளத்துலேருந்து மேட்டுக்குத் தண்ணி ஏத்தச் சொல்றாங்க. இத்தனை வருஷ வெள்ளாமையில இதைப் பண்ணதில்ல" என்பார். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். ஆனாலும் சிரிப்பேன். தினமும் காலையில் அரைமணி நேரம் அவர் கை என் கைமேல் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நாங்கள் உட்கார்ந்ததே இல்லை.

ஒரு வருடம் கழித்துப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். முன்பெல்லாம் பந்து கையில் வந்தால் நொடிகள் துரத்தும். அன்று நின்று, மூச்சு விட்டு, நிதானமாகக் கையைத் தூக்கினேன். தலைக்கு மேலே போய்விட்டது. பந்து வளையத்தைத் தொடாமல் பாதியில் விழுந்தது. பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து நீட்டினாள்.

இன்னொன்று போட ஆசைதான். தோள் வேண்டாம் என்றது.

"வலிக்குதுடி. நீங்க ஆடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மைதானத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அணித் தலைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க மிஸ் வலிக்குது?"

காட்டினேன்.