நிந்தவூரில் இறங்காதவர்

ஒருநாள் கல்முனையில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் இருந்தவர், வாகனம் ஓட்டப் பழக்கும் மாஸ்டர். மருதாணி போட்ட தாடி, வெள்ளைத் தொப்பி. நிந்தவூருக்கு டிக்கெட் எடுத்தார். வழியெல்லாம் வலது காலால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். பழக்குகிற காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமாம்.

காரைதீவு தாண்டியதும் எங்கள் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தப் பாய்ந்தது. எதிரே மணல் டிப்பர் லொறி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயிரிழையில் தப்பினோம்.

"பஸ் ஓடுற பொடியன் என்னட்டப் பழகினவன்," என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நாள் பழகு எண்டு சொன்னன். கேக்கல்ல. லைசன் கிடைச்சதும் போயிட்டான்."

எழுந்துபோய் டிரைவரின் அருகே நின்றார்.

"மகன், முன்னுக்கு வாறத்தப் பாரு. மெதுவா எடு."

"ஓம் மாஸ்டர்," என்றான் அவன். பஸ்ஸின் வேகம் குறைந்தது.

நிந்தவூர் வந்தது. அவர் இறங்கவில்லை. அக்கரைப்பற்று வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அங்கே நானும் இறங்கினேன். இறங்கிய பிறகும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பயந்திட்டீங்களா மாஸ்டர்?"

"பயம்தான் தம்பி. நிந்தவூர்ல இறங்கியிருந்தா ஊட்டுக்குள்ள இருந்து பயப்படணும்."

ரோட்டைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றார். இந்தப் பக்கம், அந்தப் பொடியன் பொத்துவிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையோடு ஒரு பெண் ஏறினாள். டிரைவரின் அருகே யாரும் நிற்கவில்லை.