அரைநாணும் வெல்க்ரோவும்

ஆரையம்பதியில் எனக்குத் துணி தைத்துத் தந்த அந்தப் பெண்ணை நினைத்தால் முதலில் வருவது கோபம்தான். மெலிந்து உயர்ந்தவர். வாயோரம் எப்போதும் இரண்டு குண்டூசிகள் இருக்கும். எதைக் கொடுத்தாலும் முதலில் தன் முழங்கையின் உட்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

கைக்குழந்தையான மகளுக்குத் துணி நாப்பி தைக்க வெல்க்ரோ வாங்கிக் கொண்டுபோனேன். அதையும் தேய்த்துப் பார்த்தார்.

"புள்ளைக்கு அரைநாண் கட்டியாச்சா?"

"ஓம் அக்கா, முப்பத்தொண்டாம் நாளே கட்டிட்டம்."

"அப்ப இது வேணாம். கயித்தில கொளுவிக்கும். இடுப்புக்குக் கீழ, பக்கத்தில பிரஸ் பட்டன் வைப்பம்."

இணையத்தில் பத்து இடத்தில் படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு எரிச்சல் வந்தது. "நான் கேட்டதத் தைச்சுத் தாங்க" என்று குரலை உயர்த்தினேன். குண்டூசியைக் கடித்தபடி தைத்தார்.

மூன்றாம் நாள் வெல்க்ரோ அந்தக் கறுப்புக் கயிற்றைக் கவ்விக்கொண்டது. கவனிக்காமல் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். பிள்ளையின் இடுப்பில் கயிறு அறுத்துச் சிவந்துபோயிற்று. வீரிட்டு அழுதவளைத் தூக்கிக்கொண்டு நேரே சண்டைக்குப் போனேன்.

"வடிவா விளங்கப்படுத்தியிருந்தா நான் கேட்டிருப்பன்தானே!" என்று வாசலிலேயே கத்தினேன்.

அவர் குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையின் இடுப்பைத் தொடாமல் குனிந்து பார்த்து அவளிடம் சொன்னார்.

"என்ட பிழைதான் கிளி. உன்ட அம்மா கத்துவா எண்டு தைச்சுப்போட்டன்."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அந்த மனுசி.